பிரீமியம் ஏறியது என்று பாலிசியை விட்டுவிடாதீர்கள்: 60 வயதைக் கடந்தவர்களுக்கான 10 சதவீத விதி



சென்ற ரமளானுக்குச் சற்று முன்பு, மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு ஒரு மனு வந்தது. கொடுத்தவர் சிறிய மளிகைக் கடை நடத்தும் சகோதரர். அவருடைய வாப்பாவுக்கு இதயத்தில் மூன்று இடங்களில் அடைப்பு. அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனை எழுதிக் கொடுத்த மதிப்பீடு நாலரை லட்சம் ரூபாய். எல்லா மருத்துவ மனுக்களிலும் கேட்கும் கேள்வியை அவரிடமும் கேட்டோம்: "இன்ஷூரன்ஸ் ஏதாவது இருக்கா?"

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "இருந்துச்சு பாய். ஒன்பது வருஷம் விடாம கட்டினோம். போன வருஷம் ஒரேயடியா ஏத்திட்டாங்க. கட்டுப்படியாகலை, விட்டுட்டோம்."

விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஒன்பது ஆண்டில் ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத பாலிசி அது. அறக்கட்டளையால் இயன்றதைக் கொடுத்தோம். மீதிக்கு அவர் துணைவியாரின் நகைகள் போயின. அல்ஹம்துலில்லாஹ், பெரியவர் இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் அன்றைக்கு அந்தச் சகோதரர் சொன்ன இன்னொரு வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "அவங்க ஏத்தினா நாம என்ன பண்ண முடியும் பாய்? கட்டணும், இல்லேன்னா விடணும்." கட்டுவது, விடுவது என்ற இரண்டைத் தவிர வேறு வழியே இல்லை என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேறு வழிகள் இருக்கின்றன.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இன்ஷூரன்ஸ் கூடுமா என்ற மார்க்கக் கேள்வியை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அதற்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. ஏற்கெனவே பாலிசி வைத்திருக்கும் குடும்பங்கள் நமதூரில் ஏராளம். வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் வாப்பா உம்மாவுக்கென்று எடுத்து வைத்தவையே அவற்றில் அதிகம். பணம் கட்டுபவர் துபாயிலோ ரியாத்திலோ இருப்பார். நோட்டீஸ் இங்கே வீட்டுக்கு வரும், அல்லது ஏஜென்டின் வாட்ஸப்பில் கிடக்கும். இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்துப் பார்க்க ஆளிருக்காது.

பிரீமியத்தை நிர்ணயிப்பது யார்?

அரசாங்கம்தான் நிர்ணயிக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். கம்பெனிக்காரன் இஷ்டம்தான் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டுமே முழு உண்மையல்ல.

இந்தியாவில் காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிப்பது ஹைதராபாத்தில் தலைமையகம் கொண்ட இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம். சுருக்கமாக ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்பார்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட அமைப்பு. இந்த ஆணையம் எந்தப் பாலிசிக்கும் இவ்வளவுதான் பிரீமியம் என்று விலை குறிப்பதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் வயது, காப்பீட்டுத் தொகை, ஊர், கடந்த ஆண்டுகளில் கொடுத்த கிளைம் தொகை எல்லாவற்றையும் கணக்கிட்டுத் தானே விலை வைக்கிறது. அந்த விலையை எப்படி வைக்கலாம், எப்படி ஏற்றலாம், எதைக் காரணம் காட்டக்கூடாது என்பதற்குத்தான் ஆணையம் விதி போடுகிறது.

அந்த விதிகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. மெடிகிளைம் என்ற பெயரில் மருத்துவக் காப்பீடு 1986இல் தொடங்கியபோது பொதுத்துறை நிறுவனங்கள் மட்டுமே இருந்தன. அந்த நாட்களில் மக்களுக்கிருந்த பெரிய பயம் பிரீமியம் ஏறுவதல்ல, பாலிசியைப் புதுப்பிக்க மறுப்பது. ஒருமுறை கிளைம் கேட்டால் அடுத்த ஆண்டு "உங்களுக்குப் பாலிசி கிடையாது" என்று சொல்லிவிட முடிந்தது. 2001இல் பிமன் கிருஷ்ண போஸ் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் இப்படித் தன்னிச்சையாகப் புதுப்பிக்க மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. இன்று எல்லா நிறுவனங்களுக்குமே அது விதியாகிவிட்டது. முந்தைய ஆண்டுகளில் கிளைம் வாங்கினார் என்ற காரணத்துக்காக யாருடைய பாலிசியையும் புதுப்பிக்க மறுக்கக்கூடாது.

வாசலை அடைக்கக்கூடாது என்றதும், வாசலில் கட்டணத்தை ஏற்றி ஆளை வெளியேற்றும் வழி மட்டும் மிஞ்சியது. 2016ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டு விதிமுறைகள் அதற்கும் ஒரு தடுப்பு வைத்தன. புதுப்பிக்கும்போது பிரீமியத்தை ஏற்றுவதானால் அந்தத் திட்டத்தில் உள்ள எல்லோருக்குமாகச் சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும், ஒரு தனிமனிதர் கிளைம் வாங்கியதை வைத்து அவருக்கு மட்டும் ஏற்றக்கூடாது என்றன அந்த விதிமுறைகள். ஆகவே "போன வருஷம் உங்க உம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சுல்ல, அதான் ஏறியிருக்கு" என்று ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். அதையே நிறுவனத்தின் பெயரில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

2022 ஜூனில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆணையத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. இனி விற்பனையைத் தொடங்கிவிட்டு அதன்பின் தாக்கல் செய்தால் போதும் என்று தளர்த்தினார்கள். புதிய திட்டங்கள் வேகமாக வரட்டும் என்பது நோக்கம். நிறுவனங்களின் கைக்குச் சுதந்திரம் வந்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் முதியவர்களின் பிரீமியம் பல திட்டங்களில் கடுமையாக ஏறியதை நாம் எல்லோரும் வீட்டிலேயே பார்த்தோம்.

2025 ஜனவரி 30

அன்றுதான் ஆணையம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தை, ஆணையத்தை முன்கூட்டியே கலந்தாலோசிக்காமல், ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் எந்த நிறுவனமும் ஏற்றக்கூடாது. முதியவர்களுக்கான தனிநபர் திட்டம் ஒன்றையே நிறுத்திவிடுவதானாலும் அதே போல முன்கூட்டியே ஆலோசிக்க வேண்டும். உத்தரவு அன்றே நடைமுறைக்கு வந்தது. வருமானம் சுருங்கிப்போன வயதில் இருப்பவர்களை இந்த ஏற்றம்தான் அதிகம் தாக்குகிறது என்பதே ஆணையம் சொன்ன காரணம்.

இந்த விதியைப் பற்றி வாட்ஸப்பில் வந்த செய்திகள் பாதி சரி, பாதி தப்பு. "இனி யாருக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது" என்று ஒரு செய்தி சுற்றியது. அப்படி இல்லை. 59 வயதுக்காரருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. 60 ஆனவருக்கும் இது பூட்டுப் போட்ட கதவு அல்ல. ஆணையத்திடம் போய்க் காரணம் சொல்லிவிட்டு அதற்கு மேலும் ஏற்ற வழி இருக்கிறது. ஆனாலும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. முன்பெல்லாம் ஏற்றத்துக்கான காரணத்தை நாம்தான் கெஞ்சிக் கேட்க வேண்டியிருந்தது. இப்போது 10 சதவீதத்தைத் தாண்டினால் காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு நிறுவனத்தின் தலையில் இருக்கிறது. அதனால் நீங்கள் கேட்கும் கேள்விக்குப் பலம் உண்டு.

நோட்டீஸில் ஒளிந்திருக்கும் ஏற்றம்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து பேனாவும் போன வருஷ ரசீதுமாக உட்கார்ந்து படியுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதுவரை 18 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தோம். குடும்பம் முழுவதற்குமாக எடுக்கும் ஃப்ளோட்டர் பாலிசிக்கும், முதியவர்களுக்கான பாலிசிக்கும் இந்த விலக்கு உண்டு. வங்கிக் கணக்கோடு சேர்த்துத் தரும் குழுக் காப்பீட்டுக்கும், வேலை செய்யும் இடத்தில் எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டுக்கும் கிடையாது.

நல்ல செய்திதான். ஆனால் இந்த நல்ல செய்திக்குப் பின்னால் ஒரு ஏற்றம் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட முடியும். சென்ற மாதம் நம் அலுவலகத்துக்கு வந்த ஒரு நோட்டீஸ் இதற்கு உதாரணம். பெரியவருக்கு 66 வயது, துணைவியாருக்கு 61. இருவருக்கும் சேர்த்து ஐந்து லட்சத்துக்குப் பாலிசி. போன ஆண்டு கட்டியது 44,840 ரூபாய். இந்த ஆண்டு கேட்டிருப்பது 46,700 ரூபாய். வெளிநாட்டில் இருக்கும் மகன் போனில் பார்த்துவிட்டு, "1,860 ரூபாதான் கூட, கட்டிடுங்க வாப்பா" என்று சொல்லிவிட்டார். கணக்குப்படி பார்த்தால் நாலு சதவீதத்துக்குச் சற்று மேல்தான்.

ரசீதைப் பிரித்துப் பார்த்தோம். போன ஆண்டு கட்டிய 44,840 ரூபாயில் அசல் பிரீமியம் 38,000. மீதி 6,840 ரூபாய் ஜி.எஸ்.டி. இந்த ஆண்டு ஜி.எஸ்.டி. இல்லை. அப்படியானால் 46,700 ரூபாய் முழுவதும் அசல் பிரீமியம். 38,000 என்பது 46,700 ஆகியிருக்கிறது. ஏற்றம் 8,700 ரூபாய், அதாவது ஏறக்குறைய 23 சதவீதம். 10 சதவீதக் கணக்கில் 41,800 ரூபாயோடு நின்றிருக்க வேண்டும். அரசு வரியை நீக்கி 6,840 ரூபாய் மிச்சப்படுத்திக் கொடுத்தது. அந்த மிச்சம் பெரியவரின் பைக்கு வரவே இல்லை.

ஆகவே மொத்தத் தொகையை மொத்தத் தொகையோடு ஒப்பிடாதீர்கள். இரண்டு ஆண்டு நோட்டீஸிலும் வரிக்கு முந்தைய பிரீமியம் எவ்வளவு என்று பார்த்து, அதை அதோடு ஒப்பிடுங்கள். காப்பீட்டுத் தொகை இரண்டு ஆண்டிலும் ஒன்றுதானா என்பதையும் பாருங்கள். கேட்காமலேயே ஏதாவது கூடுதல் வசதியைச் சேர்த்துவிட்டு அதற்கும் பணம் போட்டிருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். கூடுதல் வசதிகள் தனி வரியாகத்தான் அச்சாகியிருக்கும். வேண்டாமென்றால் எடுத்துவிடச் சொல்லலாம்.

நிறுவனத்திடம் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "வயது அடுத்த படிக்குப் போய்விட்டது" என்பதாக இருக்கும். 60, 65, 70 என்று வயதுக்குப் படிகள் வைத்துப் பிரீமியம் போடுவது வழக்கம்தான். அந்தப் பதிலை வாயால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மின்னஞ்சலிலோ கடிதத்திலோ மூன்று கேள்வி கேளுங்கள்: போன ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் அசல் பிரீமியத்தில் உள்ள வித்தியாசத்தில் வயதுக்கு எவ்வளவு, பொது ஏற்றத்துக்கு எவ்வளவு? 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதற்கு ஆணையத்தை முன்கூட்டியே கலந்தாலோசித்தீர்களா? இந்த ஏற்றம் பற்றி எனக்கு எந்தத் தேதியில் தெரிவித்தீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் பாலிசிப் புத்தகத்தைப் புரட்டினால், விதிமுறைகளையும் பிரீமியத்தையும் மாற்றுவது பற்றி ஒரு பிரிவு இருக்கும். பல பாலிசிகளில் அந்தப் பிரிவு, மாற்றம் நடைமுறைக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்பே பாலிசிதாரருக்குத் தெரிவிப்போம் என்று சொல்கிறது. நம்மில் யாரும் அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. புதுப்பிக்கும் தேதிக்கு இருபது நாள் முன்பு வரும் குறுஞ்செய்தியைப் பார்த்துத்தான் பலருக்கு விஷயமே தெரிகிறது.

விட்டுவிட்டால் எதை இழக்கிறோம்?

பிரீமியம் என்பது அந்த ஒரு வருஷத்துக்கான பணம் மட்டுமல்ல. கட்டிய ஒவ்வொரு வருஷமும் உங்கள் கணக்கில் ஓர் உரிமையைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம் போல ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் புதிய பாலிசியில் உடனே பணம் கிடைக்காது. காத்திருப்புக் காலம் உண்டு. 2024இல் அதன் உச்ச வரம்பை 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தார்கள். ஒன்பது ஆண்டு கட்டியவர் அந்தக் காலத்தையெல்லாம் எப்போதோ கடந்துவிட்டார். விட்டுவிட்டு அடுத்த ஆண்டு புதிதாக எடுத்தால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். அதுவும் எடுக்க முடிந்தால்தான். 70 வயதில் இதய நோயோடு போனால் புதிய பாலிசி கொடுக்க எந்த நிறுவனமும் கட்டாயப்பட்டதல்ல.

இன்னொன்று, தொடர்ந்து 60 மாதம் கட்டி முடித்தபின், "விண்ணப்பத்தில் இந்த நோயைச் சொல்லவில்லை" என்று காரணம் காட்டி நிறுவனம் கிளைமை மறுக்க முடியாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர. இதுவும் 2024இல் 96 மாதத்திலிருந்து குறைக்கப்பட்டது. நடுவில் அறுந்தால் இந்தக் கணக்கும் அறுந்துவிடும்.

மளிகைக் கடைச் சகோதரரின் வாப்பா ஒன்பது ஆண்டு கட்டிச் சேர்த்த இந்த உரிமைகள் எல்லாம் ஒரு தேதி தாண்டியதும் போயின. கடைசித் தேதி தாண்டியபின்னும் ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. அந்த 30 நாளுக்குள் கட்டினால் பழைய உரிமைகள் தொடரும். ஒரு எச்சரிக்கை: ஆண்டுக்கு ஒருமுறை கட்டுபவர்களுக்கு, கட்டாமல் இருந்த அந்த இடைவெளி நாட்களில் நேரும் சிகிச்சைக்குப் பணம் கிடைக்காது. ஆகவே இந்த அவகாசத்தை ஆபத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்ட முடியாதவர் என்ன செய்யலாம்?

முதலில் பார்க்க வேண்டியது, பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே ஃப்ளோட்டரில் இருக்கிறார்களா என்பது. அப்படி இருந்தால் குடும்பத்திலேயே மூத்தவரின் வயதை வைத்துத்தான் பெரும்பாலும் பிரீமியம் போடுகிறார்கள். 68 வயது வாப்பா ஒருவருக்காக 35 வயது மகனுக்கும் மருமகளுக்கும் பேரக்குழந்தைகளுக்கும் சேர்த்து அதிகம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். புதுப்பிக்கும் சமயத்தில் இரண்டாகப் பிரித்துத் தரச் சொன்னால், சேர்த்து வைத்த காத்திருப்புக் காலத்தை இழக்காமல் பிரிக்க முடிகிறதா என்று எழுத்தில் கேட்டுக்கொண்டு பிரியுங்கள். நாம் பார்த்தவரை பல குடும்பங்களுக்குச் செலவைக் குறைத்த எளிய வழி இதுதான்.

அடுத்தது, காப்பீட்டுத் தொகையைக் குறைத்துக்கொள்வது. பத்து லட்சத்தை ஐந்து லட்சமாக்கலாம். பாலிசி இல்லாமல் இருப்பதைவிட ஐந்து லட்சம் இருப்பது மேல். கிளைமில் ஒரு பங்கை நாமே ஏற்றுக்கொள்ளும் முறைக்கு மாறினாலும் பிரீமியம் குறையும். ஆனால் 20 சதவீதம் நம் பங்கு என்றால் நாலு லட்ச ரூபாய் பில்லில் 80,000 ரூபாய் நாம் கொடுக்க வேண்டிவரும். அந்தப் பணத்தை அவசரத்துக்குப் புரட்ட முடியுமா என்று யோசித்துவிட்டு மாறுங்கள்.

'ஆரோக்கிய சஞ்சீவனி' என்ற திட்டத்தைப் பற்றி ஏஜென்ட்கள் அதிகம் பேசுவதில்லை. 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் காப்பீடு தரும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் இதைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் நிபந்தனைகள் ஒன்றுதான். கிளைமில் 5 சதவீதம் நம் பங்கு. அறை வாடகைக்கு உச்ச வரம்பு உண்டு. விலை மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சரக்கு ஒன்றாக இருந்து விலை மட்டும் வேறாக இருக்கும்போது ஒப்பிடுவது எளிது. நாலு இடத்தில் விலை கேட்டுப் பார்க்கலாம்.

நிறுவனத்தையே மாற்றும் உரிமையும் உண்டு. அலைபேசி எண்ணை மாற்றாமல் கம்பெனி மாற்றுவது போலத்தான். சேர்த்து வைத்த காத்திருப்புக் காலம் புதிய நிறுவனத்துக்கும் கூடவே வரும், பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்கு. புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். ஒரே நிறுவனத்தின் வேறொரு திட்டத்துக்கு மாறவும் செய்யலாம். புதிய நிறுவனம் பரிசீலித்துவிட்டு முடியாது என்று சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு, வயதானவர்களுக்கு அப்படிச் சொல்வதும் உண்டு. புதிய இடத்தில் ஏற்றுக்கொண்டோம் என்று எழுத்தில் வரும் வரை பழைய பாலிசியைக் கைவிடவே கூடாது.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். தகுதி இருந்தும் அட்டை வாங்காத குடும்பங்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. நோய் வந்தபின் அட்டைக்கு ஓடுவதைவிட இப்போதே வாங்கி வையுங்கள்.

எங்கே முறையிடுவது?

முதல் புகார் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குத்தான். ஏஜென்டிடம் சொன்னது புகார் ஆகாது. பதில் திருப்தியில்லை என்றால் ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்தில் பதிவு செய்யலாம். 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். அதன் பிறகு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். ஆம்புட்ஸ்மேன் என்று சொல்வார்கள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நிறுவனம் மறுத்தாலோ ஒரு மாதம் பதிலே தராவிட்டாலோ, அதிலிருந்து ஓராண்டுக்குள் அங்கே போகலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் வரையிலான விவகாரங்களை எடுத்துக்கொள்வார்கள். கிளைம் மறுப்புக்கு மட்டும்தான் அந்த அலுவலகம் என்று பலரும் நினைக்கிறார்கள். கட்டிய பிரீமியம், கட்ட வேண்டிய பிரீமியம் பற்றிய தகராறும் அவர் விசாரிக்கும் பட்டியலில் இருக்கிறது. அதே விஷயத்துக்கு நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தால் மட்டும் இங்கே வர முடியாது.

இவ்வளவு சொன்னபின் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரீமியம் ஏறுவதற்குப் பின்னால் மருத்துவமனைக் கட்டணம் இருக்கிறது. அதன்மேல் காப்பீட்டு ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. அரசு மனது வைத்தால் முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்டுக்கு மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் உச்ச விலை போட்டது. சாதாரண ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். அதற்கு முன் லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அறை வாடகைக்கும் அறுவை சிகிச்சைக் கட்டணத்துக்கும் அப்படி ஒரு வரம்பு வரவில்லை. முதியோர் பிரீமியம் பற்றிய அதே 2025 சுற்றறிக்கையில், மருத்துவமனைகளோடு நிறுவனங்கள் சேர்ந்து பேசிக் கட்டணத்தைப் பொதுவாக நிர்ணயிக்க வேண்டும் என்றும் ஆணையம் சொல்லியிருக்கிறது. அது நடக்காதவரை ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் கசியத்தான் செய்யும். பிரீமியத்துக்கு மட்டும் விதி போட்டுவிட்டு பில்லைக் கண்டுகொள்ளாமல் இருப்பது அரைவேலை என்பதே நமது கருத்து.

46,700 ரூபாய் நோட்டீஸ் வந்த பெரியவரின் விஷயத்துக்கு வருவோம். கடைசித் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அவருக்குச் சண்டை போட விருப்பமில்லை. "விட்டுடலாம் தம்பி, அல்லாஹ் பார்த்துக்குவான்" என்றார். தவக்குல் நல்லதுதான், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்போம் என்று நம் அலுவலகச் சகோதரர் ஒருவர் சொன்னதும் சிரித்துவிட்டார். முழுத் தொகையையும் தேதிக்கு முன்பே கட்ட வைத்தோம். அன்றே, ஆட்சேபத்தோடு கட்டியிருக்கிறேன், 10 சதவீதத்துக்கு மேல் வாங்கிய 4,900 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்பினோம். மேலே சொன்ன மூன்று கேள்வியும் அதில் இருந்தன. பதினோராம் நாள் பதில் வந்தது. துணைவியாரும் முதியோர் வயதுக்கு வந்துவிட்டதால் படி மாறியது என்று ஒரே வரி. ஆணையத்தைக் கலந்தாலோசித்தார்களா என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அந்த ஒரு வரியையும் இரண்டு ஆண்டு ரசீதுகளையும் சேர்த்து பீமா பரோசாவில் பதிவு செய்திருக்கிறோம். அங்கே தீரவில்லை என்றால் சென்னைக்கு எழுத மனுவும் தயாராக இருக்கிறது. முடிவு என்னவானாலும் இதே பக்கத்தில் எழுதுவோம், இன்ஷா அல்லாஹ். அவருடைய பாலிசி இப்போது உயிரோடு இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாலிசி அடுத்த நான்கு மாதத்துக்குள் புதுப்பிக்க வேண்டியதாக இருந்தால், போன ஆண்டு ரசீது, இந்த ஆண்டு நோட்டீஸ், பாலிசிப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். பெண்களுக்கு ஞாயிறு காலை, கணக்குப் பார்த்துத் தர சகோதரிகள் இருவர் இருப்பார்கள். பாலிசி எண்ணையோ ஆதாரையோ வாட்ஸப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.